கொழிஞ்சாம்பாறை பழைய சாமான் கடையில் ஒரு சிவப்புப் பெட்டி

போன மாசம் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு பழைய சாமான் கடை. கல்ஃபிலிருந்து திரும்பிய யாரோ ஒருத்தர் வீட்டு மிக்சிக்கும் மடக்குக் கட்டிலுக்கும் நடுவே கிடந்தது. சிவப்பு அட்டைப் பெட்டி, மேலே டிராகன்மேல் பாயும் ஒரு வீரன். "குட்டிகளுடெ களியாணு மாஷே (பிள்ளைங்க விளையாட்டு சார்), அறுநூறு கொடுங்க" என்றார் கடைக்காரர். நானூறுக்கு முடிந்தது. 1983இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடக்கப் பெட்டி. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் சாகச ஆட்டம். பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன், ஆடியதில்லை.

உள்ளே ஆடுபவருக்கு 64 பக்கத்தில் ஒரு புத்தகம், ஆட்டத்தை நடத்துபவருக்கு 48 பக்கத்தில் இன்னொன்று. ஸ்டேப்பிள் பின்கள் துருப்பிடித்துவிட்டன. ஆறு பகடை இருக்க வேண்டும், ஐந்துதான் இருந்தது. நாலு முகப் பகடை போயே போய்விட்டது. எண்களில் மசி கிடையாது. கூட வரும் க்ரேயானால் நாமே தேய்த்து நிரப்ப வேண்டும். அதையும் காணோம். அக்கா மகளின் க்ரேயானை வாங்கி ஒப்பேற்றினேன். நாலு முகத்துக்குப் பதிலாகச் சீட்டுக் குலுக்கிக்கொண்டோம். இதில் குறைச்சல் ஒன்றுமில்லை. 1970களின் கடைசியில் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது ஆட்டத்தை வெளியிட்ட கம்பெனியே எண் அச்சடித்த அட்டைத் துண்டுகளைப் பெட்டியில் போட்டுத்தான் விற்றது.

கணக்கு டியூஷன் எடுப்பவன், பகடையை விட்டு நகர மனசு வரவில்லை. நாலு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகம். ஒழுங்குத் திண்மங்கள் என்று நான் கரும்பலகையில் கோணலாக வரைகிற அதே ஐந்து. ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் இந்த மாதிரிப் பகடைகளைக் கண்டுபிடித்ததும் பள்ளிக்கூடச் சாமான் விற்கும் ஒரு கம்பெனியிடம்தான். பத்து முகம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

புத்தகத்தில் ஆட்டத்தை உருவாக்கியவர்களாக இரண்டு பேர் பெயர் இருக்கிறது: கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். ஆனால் விதை மூன்றாவது ஆளுடையது. 1969இல் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் படை நகர்த்தும் மேசை ஆட்டத்தில் ஒரு கோணங்கி செய்தார்: ஆளுக்கொரு பட்டாளம் தராமல், பிரான்ஸ்டைன் என்ற கற்பனை ஊரில் ஆளுக்கொரு வேஷம் தந்துவிட்டார். அங்கே ஆடிப் பழகிய ஆர்னசன் பிளாக்மூர் என்று கோட்டையும் நிலவறையுமாக ஓர் உலகத்தைக் கட்டினார். சண்டை விதிக்கு, கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் 1971இல் போட்ட செயின்மெயில் என்ற போர் ஆட்ட விதிப்புத்தகத்தை எடுத்துக்கொண்டார். பிறகு அதைக் கைகாக்ஸிடமே ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் அதை எழுதி விரித்து, சிறுவயதுச் சிநேகிதர் டான் கேயுடன் 1973இல் டி.எஸ்.ஆர். என்ற கம்பெனியைத் தொடங்கினார். 1974இல் ஆயிரம் பெட்டி, ஒன்று பத்து டாலர். அடுத்த வருஷமே கே இறந்துபோனார். ஆர்னசன் 1979இல் கம்பெனிமேல் வழக்குப் போட்டு, 1981இல் சமரசமானது.

என்னைக் கேட்டால் உயிர் கொடுத்தவர் ஆர்னசன்தான். எங்கள் பாலக்காட்டுப் பக்கம் தோல்பாவைக்கூத்துப் புலவர் கம்பன் பாட்டு ஒன்றைப் பாடிவிட்டு, விளக்கத்தைத் தன் போக்கில் விடிய விடிய இழுப்பார் அல்லவா? ஆட்டம் நடத்துபவரின் வேலையும் கிட்டத்தட்ட அதுதான். விதிப்புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அது வராது.

ஆனால் இந்தப் பெட்டியில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. சொல்லித்தர ஆளில்லாதவன் தனியாகவே ஆடிப் பழகட்டும் என்று முதல் புத்தகத்தில் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். இந்தப் பெட்டிக்காக ஆட்டத்தைத் திருத்தி எழுதியவர் ஃபிராங்க் மென்ட்சர். குகையில் அலீனா என்ற பெண் நம் காயத்தை ஆற்றுகிறாள், கூட வருகிறாள், பார்கிள் என்ற மந்திரவாதியின் கையால் சாகிறாள். அக்கா மகள் புத்தகத்தை மூடிவிட்டு, "அந்தக்கா ஏன் மாமா செத்துச்சு? நான் பகடை கூடப் போடலையே" என்றாள். நியாயமான கேள்வி. அந்த இடத்தில் ஆட்டம் நம் கையில் இல்லை, கதைக்காரர் கையில் இருக்கிறது. எனக்கும் அது பிடிக்கவில்லை.

மற்றபடி, நம் பாத்திரம் ஆட ஆட நிலை நிலையாக உயரும்; மூன்றாம் நிலையோடு பெட்டி முடிந்துவிடும். மேலே போக அடுத்த பெட்டி வாங்க வேண்டும். ஆங்கிலம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே புரிகிறது. நானூறு ரூபாய்க்குக் குறை சொல்ல மாட்டேன், அறுநூறு என்றால் யோசித்திருப்பேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள்தான் நடத்துகிறாள். குகை மீன்கரை அணைக்கு அடியில் இருக்கிறதாம், அலீனா சாகவே இல்லையாம். யாரிடமாவது நாலு முகப் பகடை உதிரியாக இருந்தால் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.