சாட்டிலைட் படத்துல காலி இடத்தை வெட்ட ஜிடால் ஃபுட்பிரிண்ட், ரெண்டு மாசம் யூஸ் பண்ணி பாத்தாச்சு

சென்டினல்-2ங்கிற ஐரோப்பிய சாட்டிலைட்டோட படம் எடுத்து வேலை பண்றவங்களுக்கு இந்த தொல்லை நல்லாவே தெரியும். ஒரு டைல், அதாவது படத்தை பிரிச்சு குடுக்கிற ஒரு சதுர துண்டு, 10980 x 10980 பிக்சல், 16 பிட், கம்ப்ரஸ் இல்லாம வச்சா ஒரு பிக்சல் தரையில 10 மீட்டர்ங்கிற பேண்டு (ஒரு நிறத்தோட படம்) ஒன்னே சுமார் 240 எம்பி, ஆனா சாட்டிலைட் போன பாதையோட ஓரத்துல அந்த டைல் விழுந்துச்சுன்னா ஒரு மூலையில மட்டும்தான் படம் இருக்கும், மிச்சம் முழுக்க கருப்பு, எல்லாம் 0. இவ்ளோ நாளா க்யூஜிஐஎஸ்ங்கிற மேப் சாஃப்ட்வேர்ல கையால கட்டம் வரைஞ்சுதான் கிளிப் பண்ணிட்டு இருந்தேன், ஒரு டைலுக்கு சரி, நாப்பது டைல் வந்தா கண்ணே போயிடும்.

ஜிடால்ங்கிறது சாட்டிலைட் படம், மேப் ஃபைலை எல்லாம் கமாண்ட் அடிச்சு கையாளுற டூலு. அதோட 3.8ல, அதாவது 2023ல வந்ததுதான் இந்த ஃபுட்பிரிண்ட் கமாண்ட். எங்கெல்லாம் நிஜமா டேட்டா இருக்கோ அதை சுத்தி பாலிகன் போட்டு குடுத்துடும். ஓவர்வியூவ (படத்தோட சின்ன சைஸ் காப்பி) வச்சு பாருன்னு சொன்னா முழு படத்தையும் படிக்காம சீக்கிரமே முடிச்சுடுது, எனக்கு ரொம்ப பிடிச்சதே இதுதான். ஒன்னு மட்டும் மறக்காதீங்க, 0ன்னா காலின்னு நாமதான் சொல்லணும், சென்டினல் ஃபைல் அதை சொல்லாது. அப்புறம் பாலிகனை 100 புள்ளிக்குள்ள சுருக்கிடும், ஓரத்துல நல்ல பிக்சலும் சேர்ந்து போயிடலாம், அந்த லிமிட்டை எடுத்துடுங்க.

அந்த பாலிகனை ஜிடால்லயே இருக்கிற வார்ப் (gdalwarp) கமாண்டுக்கு குடுத்து வெட்டலாம், ஆனா வெட்டும்போது 10 மீட்டர் ரெசல்யூஷனும் பிக்சல் கட்டத்தை ஒரே வரிசையில நிறுத்துற டேப் (-tap) ஆப்ஷனும் கண்டிப்பா போடுங்க. போடலைன்னா பிக்சல் கட்டம் லேசா நகர்ந்துடலாம், நான் முதல் தடவை விட்டுட்டேன், ரெண்டு தேதி படத்தை கழிச்சு பாத்தா வயல் வரப்பு எல்லாம் மாற்றம்னு காட்டுச்சு, ஒரு நாள் வேலை வீண்.

ஜேபெக்ல சுருக்குன ட்ரோன் படம்னா இது ஒத்து வராது, ஓரம் சுத்தமான 0வா இருக்காது, 3, 7ன்னு கலங்கி கிடக்கும். அதுக்கு முதல்ல ஓரத்துல கருப்பை ஒட்டி இருக்கிறதை சுத்தமான 0 ஆக்குற நியர்பிளாக் கமாண்டை ஓட்டிட்டு வாங்க.

இன்னொன்னு, ராஸ்டர், அதாவது பிக்சலா சேமிக்கிற படம், எப்பவும் செவ்வகம்தான், சாஞ்ச படத்தை எவ்ளோ வெட்டினாலும் மூலையில காலி மிஞ்சும். சேவ் பண்ணும்போது ஸ்பார்ஸ் ஆப்ஷன் போட்டா முழுக்க காலியா இருக்கிற பிளாக்கை டிஸ்க்ல எழுதவே எழுதாது. காசு குடுக்க வேண்டாத டூலு, ஐஞ்சுக்கு நாலரை ஸ்டார் தாராளமா குடுப்பேன், அந்த 100 புள்ளி விஷயத்துக்குத்தான் அரை குறைச்சேன்.