3,80,000 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்த ஒரே பதில்: "மணலில் ஈரம் அதிகம்"

கோவையில் சிறிய வார்ப்பட ஆலை நடத்துகிறேன். ஈர மணலில் அச்சு செய்து, உருகிய இரும்பை ஊற்றிப் பம்பு உறைகள் வார்ப்பதுதான் பிழைப்பு. வார்ப்பில் உள்ள குறையைக் கைபேசிப் படத்திலேயே கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் என்று ஒருவர் விற்றதை நம்பி 3,80,000 ரூபாயைத் தொலைத்திருக்கிறேன். நீங்களாவது தப்பிக்க, கடைசியில் பத்து யோசனைகள் சொல்கிறேன்.

இரண்டு மாதமாக ஒரே தொல்லை. உறையில் போல்ட் இறங்கும் தடித்த மேட்டைக் கடைந்தால் உள்ளே ஓட்டை. நூற்றுக்குப் பன்னிரண்டு திரும்பி வந்தன. வாங்குகிறவரின் ஏச்சைக் கேட்டு நான் நொந்துபோயிருந்த நேரம் பார்த்து இவர் வந்தார். கழித்துப் போட்ட குவியலிலிருந்து தானே ஓர் உறையைத் தூக்கி, வெள்ளைச் சட்டையில் கரி படுவதைக்கூடப் பார்க்காமல் மடியில் வைத்துப் படமெடுத்தார். திரையில் வந்தது: "வாயு ஓட்டை. மணலில் ஈரம் 3.8 சதவீதம்." அதாவது மணலின் ஈரம் ஆவியாகி இரும்புக்குள் ஓட்டை போடுகிறதாம்.

அன்று காலை எங்கள் பதிவேட்டிலும் 3.8! எனக்குப் புல்லரித்துவிட்டது. இரும்பைப் படமெடுத்தால் மணலின் ஈரம் எப்படித் தெரியும் என்று ஒரு நிமிடம் யோசித்தேனா? பதிவேடு மணல் கலக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. அவர் அங்கே நின்றுதான் டீ குடித்தார். இது உறைத்தபோது முழுப் பணமும் போய்விட்டது.

அது சொன்னபடி ஈரத்தை 2.6-க்கு இறக்கினோம். அச்சின் முனைகள் உதிர்ந்தன. பழைய ஓட்டை அப்படியே இருக்க, வார்ப்புக்குள் மணல் புகுந்த குறையும் சேர்ந்துகொண்டது. மறுபடி படமெடுத்தால் மறுபடியும் "ஈரம் அதிகம்". ஆத்திரத்தில் ஒரு நாள் டீ கிளாஸைப் படமெடுத்தேன். அதற்கும் ஈரம் அதிகமாம். அது சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

தொலைபேசியில் கேட்டால் முதலில் "வெளிச்சம் போதாது". பிறகு "சர்வர் மாறுகிறது". பிறகு "உங்கள் மணலே சரியில்லை". அப்புறம் அவர் எடுப்பதே இல்லை. வேறொருவர் எடுத்து, "கட்டணம் திரும்பாது என்று 14-ஆம் பக்கத்தில் இருக்கிறதே சார்" என்றார். 3,80,000 ரூபாய்க்கு ஒரு 'சார்'.

மணலில் அச்சு கட்டும் எங்கள் மூத்த மோல்டர் அண்ணன்தான், "முதலாளி, ஒன்றை உடைத்துப் பார்த்துவிடலாம்" என்றார். சம்மட்டியால் மூன்று அடி. ஓட்டையின் உட்சுவர் உடைத்த கருப்பட்டி மாதிரி சொரசொரவென்று இருந்தது. காற்று அடைத்த ஓட்டையென்றால் கழுவி வைத்த கிண்ணம் போல வழவழவென்று இருக்கும். இது சுருக்கக் குறை. சுற்றியுள்ள மெல்லிய சுவர்கள் முன்னதாக உறைந்துவிட, கடைசியாக உறையும் தடித்த மேட்டுக்கு உருகிய இரும்பு போய்ச் சேராமல் உள்ளே குழிந்திருக்கிறது. அந்த இடத்தில் அச்சுக்குள் 'சில்' (chill) என்கிற இரும்புத் துண்டு ஒன்றை வைத்தோம். சூட்டை அது உறிஞ்சிக்கொள்ள, மேடு சீக்கிரம் உறைந்தது. அடுத்து ஊற்றிய நூறில் இரண்டுதான் கழிந்தன. சில் செய்தது பழைய இரும்பில்; செலவு என்று சொல்ல எதுவுமில்லை.

புதுத் தொழில்நுட்பமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. இரும்பு எந்த இடத்தில் கடைசியாக உறையும் என்று கணக்கிட்டுக் காட்டும் சிமுலேஷன் மென்பொருளைப் பார்த்து, வார்ப்பு உறையும்போது அதற்கு உருகிய இரும்பை ஊட்டும் ரைசரை இடம் மாற்றிப் பயனடைந்தவர்களைத் தெரியும். என் தலையில் கட்டியது அந்த வகை இல்லை.

விற்க வருகிறவரிடம் நல்ல வார்ப்பையும் கெட்டதையும் கலந்து கொடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். பதிவேட்டைப் பூட்டி வையுங்கள். முழுப் பணத்தை முன்னால் தராதீர்கள். எதற்கும் முதலில் ஒன்றை உடைத்துப் பாருங்கள். சந்தேகமென்றால் வெட்டிய துண்டைச் சோதனைக்கூடத்தில் கொடுங்கள்.

பத்து என்று சொன்னேன். இப்போதிருக்கும் எரிச்சலில் இவ்வளவுதான் வருகிறது. 5-ஆம் தேதி வங்கித் தவணை. அந்த 3,80,000-மும் கடன்தான்.