ஸ்டப்பா மாக்கா? கோட மாத்தும்போதுதான் தெரியும்

போன மாசம் எங்க ஷாப்பிங் கார்ட் மாட்யூல்ல இருந்த மாக் டெஸ்ட்ல பாதிக்கு மேல ஸ்டப்பா மாத்துனேன். ரெண்டுமே டெஸ்ட் ஓடும்போது நெஜ சர்வீஸுக்கு பதிலா வைக்கிற டம்மிதான். நெட்வொர்க் வேணாம், டேட்டாபேஸ் வேணாம், டெஸ்ட் வேகமா ஓடும், இதெல்லாம் ரெண்டுக்கும் பொது.

ஸ்டப்னா கேட்டதுக்கு ரெடியா வச்சிருக்கிற பதில குடுக்கும், நாம கடைசில வர்ற ரிசல்ட்ட மட்டும் பாப்போம். மாக்ல எந்த மெத்தட எத்தன தடவ கூப்டுச்சுன்னு பாப்போம். ஜாவால இதுக்கு இருக்கிற மொக்கிட்டோ லைப்ரரில 'வென்', 'தென்ரிட்டர்ன்' (இத கேட்டா இத குடுன்னு சொல்றது) மட்டும் எழுதினா அத மாக்னு கூப்டாலும் வேலைல அது ஸ்டப்தான், 'வெரிஃபை' (கூப்டுச்சான்னு சரிபாக்குறது) போட்டாதான் மாக்.

என்னை ஸ்டப் பக்கம் இழுத்தது மெயின்டெனன்ஸ். கார்ட்ல 3 பொருள் இருந்தா டெலிவரி ரேட் கேட்டு கூரியர் சர்வீஸ 3 தடவ கூப்டும். மூணும் ஒரே பின்கோடுக்குத்தானே போகுதுன்னு நடுவுல ஒரு கேஷ் (வந்த பதில சேத்து வச்சு திரும்ப குடுக்கிறது) போட்டேன். டோட்டல் ஒரு பைசா மாறல, ஆனா டெஸ்ட் எல்லாம் வரிசையா செவப்பு, 3 தடவ கூப்டணும், 1 தடவதான் கூப்டுச்சுன்னு. கோடு சரியா இருக்கு, நான் ஒரு நாள் பூரா உக்காந்து 3ஐ 1ஆ மாத்திட்டிருக்கேன். பக்கத்து ஃபைல்ல ஸ்டப் வச்சு எழுதின டெஸ்ட் ஒண்ணுகூட அசையல, அந்த ஸ்டப் எந்த பின்கோடு குடுத்தாலும் 40 ரூபான்னு சொல்ற ஆறு வரி கிளாஸ், அவ்ளோதான். தைரியமா கோட மாத்தத்தான டெஸ்ட் எழுதுறோம், மாத்தினதுமே அது விழுந்தா அப்புறம் யாரும் கோட தொடவே மாட்டாங்க. கேஷ் வேலை செய்யுதான்னு பாக்க மட்டும் ஒரே ஒரு வெரிஃபை விட்டு வச்சிருக்கேன்.

நேரத்துக்கும் இதே வழிதான். கூப்பன் எக்ஸ்பைரி டெஸ்ட் ராத்திரி 12 மணிய தாண்டி ஓடினா விழும், ஜாவா 8ல வந்த கிளாக்க உள்ள அனுப்பி நேரத்த ஒரே இடத்துல நிறுத்தி வைக்கிற 'கிளாக் ஃபிக்ஸ்ட்' குடுத்தப்புறம் அந்தத் தொல்ல போச்சு.

எஸ்எம்எஸ், பேமென்ட் மாதிரி எடத்துல மாக்தான் சரி. திரும்பி வர்ற பதில பாத்து பணம் ரெண்டு தடவ புடிச்சுதான்னு தெரியாது, கூப்ட எண்ணிக்கையத்தான் பாக்கணும்.

ஸ்டப்ல எனக்கு பயம் ஒண்ணுதான், நெஜ சர்வீஸ் மாறினா அதுக்கு தெரியாது. கூரியர்காரங்க ரேட்ட ரூபாய்க்கு பதிலா பைசால அனுப்ப ஆரம்பிச்சாலும் என் ஸ்டப் 40னுதான் சொல்லும், டெஸ்டும் பச்சையாதான் இருக்கும். மாக்கும் இதுல காப்பாத்தாது. அதுக்காக அவங்க சேண்ட்பாக்ஸ (சோதனைக்குன்னு தனியா குடுக்கிற சர்வீஸ) கூப்டுற ஒரு டெஸ்ட் தனியா தினம் ராத்திரி ஓடுது. வச்சு மூணு வாரம்தான் ஆகுது, இதுவரைக்கும் எதுவும் சிக்கல, அதனால அது எவ்ளோ தாங்கும்னு இப்பவே அடிச்சு சொல்ல மாட்டேன்.