கிடைக்காத டப்பாவும் கடையில் இருக்கும் டப்பாவும்

சுங்கான் (பைப்) பிடிக்கிற நாலு பேர் கூடினால் பென்ஸான்ஸ் என்ற புகையிலையின் பேச்சு வராமல் போகாது. அந்த நாலில் இரண்டு பேர் அதைப் பற்றவைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். எட்டாத பழம் புளிக்கும் என்பார்கள். புகையிலையில் எட்டாத பழம்தான் இனிப்பு.

பிரெஞ்சுக் கரையை ஒட்டிய ஜெர்சி தீவில், 1820-லிருந்து தொழில் நடத்தும் ஜே.எஃப். ஜெர்மெய்ன் அண்ட் சன் என்ற சின்ன நிறுவனம் செய்வது பென்ஸான்ஸ். எஸோடெரிகா என்ற பிராண்டு பெயரில் வருகிறது. வர்ஜீனியா, துருக்கிய இலைகள், புகை வாடை அடிக்கும் சைப்ரஸ் லட்டாக்கியா இலை, எல்லாவற்றையும் அழுத்திக் கட்டியாக்கித் தடித்த துண்டுகளாக வெட்டியிருப்பார்கள். விரலால் லேசாக நெருடினால் பொலபொலவென்று உதிரும். அமெரிக்கக் கடைகளுக்கு எப்போதாவது ஒரு வரத்து வரும். வந்த கொஞ்ச நேரத்திலேயே தீர்ந்துவிடும். ஒரு பை போதும் என்கிறவனும், அடுத்து எப்போது வருமோ என்று கிடைத்தவரை வாங்கிப் பதுக்குவான். பதுக்கப் பதுக்கத் தட்டுப்பாடு கூடும். பழைய ரேஷன் கடை மண்ணெண்ணெய்க் கதைதான்.

அதற்கு எதிரே நான் வைப்பது ஜி.எல். பீஸ் என்ற அமெரிக்க பிராண்டின் குவைட் நைட்ஸ். அதுவும் அழுத்திய கட்டி, அதிலும் சைப்ரஸ் லட்டாக்கியா. கூடுதலாக லூசியானாவின் பெரிக் கொஞ்சம். பெரிக் என்பது பீப்பாயில் அழுத்தி மாதக்கணக்கில் புளிக்கவைத்த இலை. மிளகுக் காரம் மாதிரி மூக்கில் ஏறும். இதற்கு யாரும் நள்ளிரவில் கண்விழித்துக் காத்திருப்பதில்லை. வேண்டியபோது போய் வாங்கலாம்.

நான்கு வருடம் பழுத்த பென்ஸான்ஸ் ஜாடி ஒன்று, உடன் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் புண்ணியத்தில் கைக்கு வந்தது. எது எதுவென்று பார்க்காமல் ருசித்துவிடலாம் என்று, அதை ஒரு சுங்கானிலும் குவைட் நைட்ஸை இன்னொன்றிலும் நிரப்பித் தர மனைவியிடம் சொன்னேன். "என்னங்க, ரெண்டும் ஒரே விறகடுப்பு நாத்தந்தானே, இதுல என்ன பரீட்சை?" என்றாள். லட்டாக்கியா புகைமூட்டிப் பதப்படுத்திய இலை என்பதால் அவள் சொன்னது ஒன்றும் தப்பில்லை. அன்று பென்ஸான்ஸ் சுலபமாக ஜெயித்தது. வழவழவென்று, கூர் மழுங்கி, அடிச் சாம்பல்வரை இனிப்பு.

பிறகுதான் உறைத்தது. நான் ஒப்பிட்டது நான்கு வருடம் பழுத்ததை, அன்று காலை டின் திறந்ததோடு. மூடிய ஜாடியில் வருடங்கள் போகப் போக வர்ஜீனியாவின் இனிப்பு ஆழப்படும், லட்டாக்கியாவின் முரட்டுப் புகை அடங்கும். கிடைக்காததை எல்லோரும் ஜாடியில் போட்டுப் பூட்டுகிறார்கள். கிடைப்பதை வாங்கிய வாரமே கொளுத்துகிறார்கள். அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்து மார்க் போட்டால் எது தேறும்? ஒரு டின் குவைட் நைட்ஸையும் ஜாடியில் அடைத்து இரண்டு வருடம் மறந்துவிட்டு, மறுபடி அதே பரீட்சை வைத்தேன். மூன்று தடவையில் இரண்டு தடவை எது எதுவென்று தப்பாகச் சொன்னேன். மூன்றாவது தடவை காட்டிக்கொடுத்தது பெரிக்கின் காரம். பென்ஸான்ஸ் மட்டமில்லை, நல்ல சரக்கு. ஆனால் அதன் பெயரில் பாதி ஜாடியின் உபயம்.

இந்தக் கணக்கில் எல்லாத் தட்டுப்பாட்டையும் அடைக்க முடியாது. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1977-ல் தொடங்கிய மெக்லெல்லண்டு என்ற புகையிலை நிறுவனம் 2018-ல் மூடப்பட்டது. தங்கள் தரத்துக்கு ஏற்ற சிவப்பு வர்ஜீனியா இலை இனி கிடைக்காது என்பது அவர்கள் சொன்ன காரணம். அவர்கள் டின்னைத் திறந்தால் முதலில் அடிப்பது தக்காளி கெச்சப் வாடை. பிடிக்காதவர்கள் முகம் சுளிப்பார்கள். பிடித்தவர்களுக்கு அது தாய்வீட்டு வாசனை. அவர்களுடைய ஃப்ராக் மார்ட்டன்ஸ் செல்லர் என்ற சரக்கின் டின்னுக்குள் விஸ்கி பீப்பாயின் மரத்துண்டு ஒன்று கிடக்கும். அந்த வாடையும் அந்தப் பதமும் இன்றைக்கு வேறு யார் சரக்கிலும் அப்படியே நான் கண்டதில்லை. பென்ஸான்ஸ் தட்டுப்பாடு கடை அலமாரியில். மெக்லெல்லண்டின் தட்டுப்பாடு இலையிலேயே இருக்கிறது.

டன்ஹில் கதை தலைகீழ். 2018-ல் அந்த பிராண்டு பெயரில் சுங்கான் புகையிலை நின்றபோது, அதன் நைட்கேப் என்ற கலவையை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். கொஞ்ச நாளில் அதே நைட்கேப் பீட்டர்சன் என்ற பெயரில், டென்மார்க்கில் ஏற்கெனவே செய்துவந்தவர்களின் கையாலேயே திரும்பி வந்தது. புலம்பல் அடங்கியது, கூடவே பக்தியும் குறைந்தது. இப்போது பக்தியெல்லாம் 2005 வரை பெல்ஃபாஸ்ட்டில் மரே நிறுவனம் செய்த பழைய டின்கள் மேல்.

சாதாரணமாகக் கிடைக்கும் லேன் 1-க்யூ என்ற புகையிலை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வனிலா வாசனை, மலிவு, அமெரிக்கக் கடைகளில் கண்ணாடி ஜாடியிலிருந்து நிறுத்துத் தருவார்கள். அதைப் புகழ்ந்து நான்கு வரி எழுத ஆளில்லை. ஆனால் அன்றாடம் எரிவது அதுதான்.

வாங்குகிறவர்களுக்கு என் கணக்கு இது. பென்ஸான்ஸ் கடை விலைக்கு அகப்பட்டால் வாங்குங்கள். இரண்டாம் கையில் மூன்று மடங்கு கேட்டால் விட்டுவிடுங்கள். அந்தப் பணத்துக்கு மூன்று டின் குவைட் நைட்ஸ் வாங்கி, இரண்டைத் தேதி எழுதி ஜாடியில் போடுங்கள். கூடுதல் காசு கொடுப்பதானால் மெக்லெல்லண்டுக்குக் கொடுங்கள், அதுவும் கெச்சப் வாடை ஆகுமா என்று யாரிடமாவது ஒரு சிட்டிகை வாங்கிப் பார்த்துவிட்டு. பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். நானே வாரத்துக்கு இரண்டு முறை என்று குறைத்துவிட்டேன்.

அண்ணன் கொடுத்த ஜாடியில் இன்னும் கால்வாசி பென்ஸான்ஸ் இருக்கிறது. இவ்வளவு எழுதிய பிறகும் அதைத் திறக்க மனசு வரவில்லை.