நர்ஸிங் காலேஜ் என்று நம்பிக் கட்டிய 1,35,000 ரூபாய்

இன்று மதியம்தான் அந்த ஆபீஸிலிருந்து வந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிப்போனால் "சரி, தொலையட்டும்" என்று எனக்கே தோன்றிவிடும். பிளஸ் டூ முடித்த பெண்ணைச் சென்னையில் நர்ஸிங் சேர்க்க அலைகிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். சேர்க்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று முடிவில் விவரமாக எழுதுகிறேன்.

போனது என் தங்கையின் படிப்புக்குக் கட்டிய 1,35,000 ரூபாய். ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். அதில் 85,000 கூட்டுறவு சங்கத்தில் அம்மாவின் நகையை வைத்து வாங்கியது. மீதி 50,000 மகளிர் குழுக் கடன், இன்னும் தவணை ஓடுகிறது.

இடத்தின் பெயரைப் போடவில்லை. வழக்குப் போடுவதற்கு முன்னால் பெயரை எழுதினால் அவர்கள் முந்திக்கொண்டு உங்கள் மேல் அவதூறு கேஸ் போடுவார்கள் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார். அடையாளம் மட்டும் சொல்கிறேன். தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டிய கட்டடம், கீழே கடைகள், மேலே இரண்டு மாடி "காலேஜ்". வெள்ளை யூனிஃபார்ம் போட்ட பெண்கள் சிரிக்கிற பெரிய பேனர். "அரசு அங்கீகாரம் பெற்றது", "100% வேலைவாய்ப்பு". இந்த மாதிரி இடம் சென்னையில் அது ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள்.

தங்கை திண்டிவனம் பக்கம் அரசுப் பள்ளியில் படித்தவள். சுமாரான மார்க். பி.எஸ்ஸி. நர்ஸிங்குக்கு அரசு கவுன்சிலிங்கில் விண்ணப்பித்தாள், இடம் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் வீட்டுக்கு வந்தார். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவர் அவர்தான். "கவுன்சிலிங் போனா என்னம்மா, மெட்ராஸ்ல எனக்குத் தெரிஞ்ச காலேஜ்ல சீட் இருக்கு, ரெண்டே வருஷம், முடிச்சதும் ஆஸ்பத்திரி வேலை" என்றார். ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டால் அவருக்கு எவ்வளவு கமிஷன் என்பது எங்களுக்கு இப்போதுதான் தெரியும். தொகையைச் சொன்னால் அவர் மறுப்பார், அதனால் விடுகிறேன்.

அம்மாவும் தங்கையும் நானும் போய்ப் பார்த்தோம். நான் சென்னையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன், நாள் முழுவதும் சிரித்துப் பேசி விற்பதுதான் தொழில். அப்படி இருந்தும் அந்தப் பிரின்சிபால் மேடம் முன்னால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐம்பது வயது இருக்கும், வெள்ளைக் கோட்டு, நெற்றியில் விபூதி. பணத்தைப் பற்றி முதலில் பேசவே இல்லை. தங்கையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "ரத்தம் பார்த்தா பயமாடா உனக்கு?" என்று கேட்டார். அவள் இல்லை என்றதும், "இந்தக் கண்ணைப் பாருங்கம்மா, இது நர்ஸ் ஆகவே பொறந்த பொண்ணு" என்றார். அம்மாவுக்குக் காபி வந்தது. கணவர் இல்லை என்று அம்மா சொன்னபோது மேடம் எழுந்து வந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "நானும் அப்படித்தாம்மா, ரெண்டு பொண்ணை ஒத்தையா வளர்த்தேன். இனிமே இவ எங்க வீட்டுப் பொண்ணு." அம்மா அழுதுவிட்டார். அழுத கையோடு பணம் கை மாறியது.

சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். அறக்கட்டளைப் பதிவுப் பத்திரம் ஒன்று, ஐஎஸ்ஓ சான்றிதழ் ஒன்று, சிறுதொழில் பதிவான உத்யம் சான்றிதழ் ஒன்று, டெல்லி முகவரியோடு ஏதோ ஒரு அமைப்பின் இணைப்புக் கடிதம். எல்லாமே உண்மையான சான்றிதழ்கள்தான். ஒன்றுகூட நர்ஸிங் சொல்லிக் கொடுப்பதற்கான அனுமதி இல்லை. அறக்கட்டளையை யார் வேண்டுமானாலும் பதியலாம். ஐஎஸ்ஓ கொடுப்பது தனியார் நிறுவனங்கள். உத்யம் பதிவு ஒரு தையல் கடைக்கும் கிடைக்கும்.

கட்டணம் 80,000, ஹாஸ்டல் 40,000, யூனிஃபார்ம் பரீட்சை எல்லாம் சேர்த்து 15,000. மொத்தம் 1,35,000, ஒரே தடவையாகக் கட்டினால் இரண்டாம் வருடத்தில் சலுகை என்றார்கள். ரசீது அறக்கட்டளை பெயரில் கொடுத்தார்கள். அதில் "நன்கொடை" என்று அச்சடித்திருந்தது. ஏன் என்று அங்கேயே கேட்டேன். "டாக்ஸுக்காகம்மா, எல்லா காலேஜும் இப்படித்தான்" என்றார் அக்கவுன்டன்ட். பத்தாவது, பிளஸ் டூ மார்க்‌ஷீட், டி.சி. மூன்றும் ஒரிஜினல் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தாலே எரிகிறது. வகுப்பு எடுத்தது போன வருடம் அதே இடத்தில் படித்து முடித்த ஒரு பெண். உடற்கூறு பாடத்துக்கு யூடியூப் வீடியோ. கொஞ்ச நாளில் "கிளினிக்கல் போஸ்டிங்" என்று பக்கத்தில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமுக்கு அனுப்பினார்கள். அங்கே நைட் டியூட்டி, பெட்பேன் கழுவுவது, தரை துடைப்பது. சம்பளம் கிடையாது, அதுதான் பயிற்சியாம். பிள்ளைகளிடம் பணம் வாங்கிக்கொண்டு அவர்களையே கூலி இல்லாத ஆளாக அனுப்பியிருக்கிறார்கள்.

குட்டு வெளிப்பட்டது ஒரு சீனியர் பெண்ணால். கோர்ஸ் முடித்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறாள். முதல் கேள்வியே "கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் என்ன?" அவளிடம் இல்லை. மயிலாப்பூரில் இருக்கிற தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலுக்குப் போய்க் கேட்டாள். அப்படி ஒரு கல்லூரியே பட்டியலில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நேராக ஹாஸ்டலுக்கு வந்து எல்லாப் பெண்களிடமும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அடுத்த வருடப் பணத்தையும் கட்டியிருப்போம்.

இங்கே எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் நர்ஸாக வேலை பார்க்க வேண்டுமானால் அந்தக் கவுன்சிலில் பதிவு வேண்டும். பதிவு கிடைக்க வேண்டுமானால் அங்கீகாரம் உள்ள இடத்தில் துணை நர்ஸ் படிப்பான ஏ.என்.எம். இரண்டு வருடம், நர்ஸிங் டிப்ளமோவான ஜி.என்.எம். மூன்று வருடம், அல்லது பி.எஸ்ஸி. நான்கு வருடம் படித்திருக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலைக்குத் தேர்வு நடத்தும் எம்.ஆர்.பி.யும் பதிவைத்தான் கேட்கும். "டிப்ளமோ இன் நர்ஸிங் அசிஸ்டன்ட்" மாதிரி பெயரில் இவர்கள் கொடுக்கும் காகிதத்துக்கு அங்கே மதிப்பே கிடையாது.

மேடத்தைப் பார்க்கப் போனேன். அதே சிரிப்பு. "ஸ்டேட் கவுன்சில் எதுக்கும்மா? நம்மது டெல்லி அஃபிலியேஷன், சென்ட்ரல் லெவல், அதைவிடப் பெருசு." இந்திய நர்ஸிங் கவுன்சில் பட்டியலில் உங்கள் பெயர் எங்கே என்று கேட்டேன். "ஃபைல் போயிருக்கு, இன்ஸ்பெக்‌ஷன் வரணும்." ஜி.என்.எம்.முக்கும் பி.எஸ்ஸி.க்கும் நூறு படுக்கை உள்ள சொந்த ஆஸ்பத்திரி வேண்டும் என்று அந்தக் கவுன்சிலின் விதி கேட்கிறது. கீழே மொபைல் கடை இருக்கிற கட்டடத்துக்கு என்ன இன்ஸ்பெக்‌ஷன் வரும்?

அடுத்த தடவை மேடம் மீட்டிங்கில் இருந்தார். அதற்கு அடுத்து "சேர்மன் சார் ஊர்ல இல்ல". பிறகு போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு வரும், பதில் வராது. ஒரு நாள் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். கடையில் கூட வேலை செய்யும் பெண்ணின் போனிலிருந்து அடித்தேன். "அட்மிஷனா மேடம்? சொல்லுங்க" என்று தேனாகப் பேசினார்கள், என் குரல் தெரிந்ததும் கட்.

அக்கவுன்டன்டைப் பிடித்து 1,35,000 ரூபாயைக் கேட்டபோது, நாங்கள் வைத்திருந்த ரசீதையே வாங்கி எங்களிடம் காட்டினார். "இது டொனேஷன். டொனேஷனை யாராவது திருப்பிக் கேட்பாங்களா?" ஒரிஜினல் மார்க்‌ஷீட் வேண்டும் என்றேன். இரண்டாம் வருட ஃபீஸில் பாதியைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

போலீஸ் ஸ்டேஷனில், "ஏம்மா, படிக்கச் சேர்த்தீங்க, படிப்பு சொல்லிக் கொடுத்தாங்க. இது சிவில் மேட்டர்" என்றார் எஸ்.ஐ. நகராமல் உட்கார்ந்திருந்ததால் புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போட்டுக் கொடுத்தார்கள்.

சான்றிதழ் திரும்பியது மாணவர் சங்கத் தம்பிகளால். கடைக்கு வரும் ஒரு கல்லூரிப் பையனிடம் புலம்பியதில் அவன் தன் சங்கத்துக்காரர்களைக் கூட்டி வந்தான். அவர்கள் கொடி பிடிப்பதும் ரோட்டை மறிப்பதும் பார்த்து எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை இருந்ததில்லை. வந்தவர்கள் சத்தமே போடவில்லை. வரவேற்பு மேஜைக்கு எதிரே, அட்மிஷன் கேட்டு வந்திருந்த பெற்றோர்கள் நடுவே போய் உட்கார்ந்து, "அக்கா, நீங்க எந்த ஊர்? கவுன்சில் லிஸ்ட் பார்த்தீங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் விசாரிக்க ஆரம்பித்தார்கள். அரை மணி நேரத்தில் மூன்று ஒரிஜினலும் கைக்கு வந்தது. பணம் வரவில்லை.

எனக்கு ரத்தம் கொதிப்பது இதனால்தான். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-இல் ஒரு அறிவிப்பு போட்டது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் ஒரு சிறு தொகை போக முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும், அதற்குப் பிறகு விலகினால் படிப்படியாகக் குறையும், ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைக்கவே கூடாது. அருமையான விதி. ஆனால் அது பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளுக்கும்தான். இது எந்தப் பல்கலைக்கழகத்தோடும் சேராத இடம். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திடம் புகார் செய்யலாம் என்றால் அது அவர்களுடைய கல்லூரி இல்லை. கவுன்சில் அங்கீகாரத்தை ரத்து செய்யலாம் என்றால் ரத்து செய்ய அங்கீகாரமே இல்லை. நேர்மையாக நடக்கிற கல்லூரியைத் தட்டிக் கேட்க நாலு இடம் இருக்கிறது, போலிக் கல்லூரியை அந்த நாலு இடமும் "எங்களுடையது இல்லை" என்று தள்ளிவிடுகின்றன. போலியாக இருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு!

இன்று கடைசியாக ஒரு முறை போனேன். சேர்மன் இருந்தார், முதல் முறையாக முகத்தைப் பார்த்தேன். "உங்க தங்கச்சிக்கு பி.பி. பார்க்கத் தெரியுமா? ஊசி போடத் தெரியுமா? அதுக்குத்தான் அந்தக் காசு" என்றார். ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரத்துக்கு பி.பி. பார்க்கக் கற்றுக் கொடுத்திருக்கிறார்! பக்கத்து அறையில் மேடம் வேறு ஒரு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அந்த அம்மாவிடம் சொல்லப் போனேன், வாட்ச்மேனை விட்டு என்னை வெளியே அனுப்பினார்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். மணி பன்னிரண்டு ஆகிறது, காலையில் கடைக்குப் போக வேண்டும், தெரிந்த மட்டும் சொல்கிறேன். பணம் கட்டும் முன் மாநில கவுன்சில் பட்டியலிலும் இந்திய நர்ஸிங் கவுன்சில் பட்டியலிலும் கல்லூரிப் பெயரை நீங்களே பாருங்கள், அவர்கள் காட்டும் பிரிண்ட் அவுட்டை நம்பாதீர்கள். பெயர் ஒரு எழுத்து மாறினாலும் சந்தேகப்படுங்கள். பி.எஸ்ஸி. என்றால் எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டு அங்கேயே விசாரியுங்கள். ரசீதில் "நன்கொடை" என்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினலை விட்டுவிட்டு வராதீர்கள், மார்க்‌ஷீட்டை டிஜிலாக்கரில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கனவே மாட்டியவர்களுக்கு: நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்குமான புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போடலாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். கல்வி என்பது நுகர்வோர் சட்டத்தில் வராது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகள் இருக்கின்றன, அதைத்தான் அவர்கள் தூக்கிக் காட்டுவார்கள் என்று வக்கீலிடம் கவலைப்பட்டேன். அவர் சிரித்தார். "காட்டட்டும்மா. அதுக்கு முன்னாடி அது காலேஜ்னு அவங்க நிரூபிக்கணும்ல?"

நாங்கள் விழுப்புரத்தில் போடுகிறோம். வெள்ளை யூனிஃபார்ம் பேனர், ஜிஎஸ்டி ரோடு, இரண்டாவது மாடி, கையைப் பிடிக்கும் மேடம் என்று படித்ததும் யாருக்காவது இடம் புரிந்திருந்தால் ரசீதையும் ஹாஸ்டல் கட்டணச் சீட்டையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள். நர்ஸிங் ஹோமில் நைட் டியூட்டி பார்த்த தேதிகளைப் பிள்ளைகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள். இப்போதைக்கு எங்களோடு மூன்று குடும்பங்கள் சேர்ந்திருக்கிறோம்.