காரைக்குடில இருந்து மதுரைக்கு பெட் சிடி ஸ்கேன் போறவுக படிங்க, 5க்கு 3 ஸ்டார்

அப்பச்சிக்கு நுரையீரல்ல கட்டின்னு டாக்டர் பெட் சிடி (கேன்சர் எங்கெங்க இருக்குன்னு பாக்க எடுக்குற ஸ்கேன்) எழுதிக் குடுத்துட்டாரு. நாங்க திருப்பத்தூர், மேலூர் வழியா கார்ல போனோம். சென்டர் பேரு வேணாம். குடுத்த 3 ஸ்டார்ல ரெண்டு அங்க இருந்த டெக்னீஷியன் தம்பிக்கு.

புக் பண்றப்ப போன்ல "வெறும் வயித்தோட வாங்க"ன்னாக, அம்புட்டுதான். 6 மணி நேரம் தண்ணி தவிர எதுவும் கூடாது, முந்துன நாளே மாவுச்சத்து கொறைக்கணும், வெயிட்டு தூக்கக்கூடாது, சுகர்காரவுக மெட்ஃபார்மின் இன்சுலின என்ன செய்யன்னு டாக்டர்ட்ட முன்னாடியே கேட்டுக்கணும், இதெல்லாம் அங்க போய் உக்காந்தப்பறம் சொல்றாக. முந்துன நாள் விருந்தாளி வந்து வீட்ல பால் பணியாரமும் கந்தரப்பமும்! நல்லவேளை சுகர் 150க்குள்ள நின்டுச்சு, 200 தாண்டுனா இன்னொரு நாள் வரச் சொல்லிருவாகளாம்.

ஏன் இம்புட்டு கெடுபிடின்னு தம்பிகிட்ட கேட்டேன். ஊசில ஏத்துறதே சர்க்கரைதானாம், குளுக்கோஸ்ல கதிர்வீச்சு விடுற ஃப்ளோரின் 18 ஒட்டுன எஃப்டிஜிங்குற மருந்து. முக்காவாசி கேன்சர் செல்லு சர்க்கரைய அள்ளி இழுக்கும், ஆக்சிஜன் இருந்தாலும் முழுசா எரிக்காம லாக்டேட்டா வெளிய தள்ளும், ஓட்டோ வார்பர்க்னு ஜெர்மன் விஞ்ஞானி 1920கள்லயே பாத்து சொன்னது. ஊதாரித்தனமா தெரியுதுல்ல? ஆனா ரெண்டு ரெண்டா பெருகுற செல்லுக்கு டிஎன்ஏ, கொழுப்பெல்லாம் புதுசா செய்யணும், வீடு கட்டுறவனுக்கு விறகு மட்டும் பத்துமா, செங்கலும் வேணும், ரெண்டும் அந்த சர்க்கரைலேர்ந்துதான் வருது. கட்டிக்குள்ள ரத்தம் சரியா போகாத எடத்துல ஆக்சிஜன் கொறஞ்சா ஹெச்ஐஎஃப்னு ஒரு புரதம் அழியாம நின்டு, சர்க்கரைய உள்ள இழுக்குற குளூட் 1ஐ இன்னும் கூட்டச் சொல்லுமாம். செல்லு ஆக்சிஜன எப்படி உணருதுன்னு கண்டுபுடிச்ச மூணு பேருக்குத்தான் 2019ல மருத்துவ நோபல். எஃப்டிஜி உள்ள போனதும் ஹெக்ஸோகைனேஸ்ங்குற நொதி ஒரு பாஸ்பேட்ட ஒட்டிரும், அடுத்த படிக்கு அதால போக முடியாது, அங்கயே சிக்கிக்கிட்டு ஸ்கேன் படத்துல மினுங்கும்.

ஏத்துனப்பறம் ஒரு மணி நேரம் பேசாம அசையாம படுக்கணும், பேசுனா தொண்டை தசை சர்க்கரைய இழுத்துக்கும். குளிருனா உடம்ப சூடாக்குற பழுப்புக் கொழுப்பும் சர்க்கரைய இழுக்கும், இது தெரிஞ்ச சென்டர்ல ஏசிய 20க்கு கீழ வெச்சிருக்காக, ஒரு போர்வை கிடையாது! இதுக்குத்தான் ஸ்டார் கொறச்சேன். வீட்லேர்ந்து ஜமுக்காளமாச்சும் எடுத்துட்டு போங்க. மருந்து வண்டி வேற லேட்டு, எஃப்டிஜி 110 நிமிஷத்துக்கு ஒருக்கா பாதியாயிரும், அதனால ஸ்டாக் வெக்க முடியாது, அன்னன்னைக்கு வரணும், அவுகள திட்டியும் புண்ணியமில்ல.

மினுங்குன எடமெல்லாம் கேன்சர்னு பதறாதீக. மூளையும் மூத்திரப்பையும் எப்பவும் மினுங்கும், டிபியும் மினுங்கும். வெயிட்டிங் ஹால்ல ஒரு ஆச்சி, சர்க்கரைய நிறுத்துனா கட்டி பட்டினில செத்துரும்னு வீட்டுக்காரருக்கு சோறே போடுறதில்லையாம். ஐயோ ஆச்சி, சாப்பிடலைன்னாலும் ஈரலே குளுக்கோஸ் செஞ்சு விடும், கட்டி குளூட்டமின்ங்குற அமினோ அமிலத்த தின்னும் பொழைக்கும், மெலியுறது அவருதான்னு சொல்லிட்டு வந்தேன்.

ரிப்போர்ட் மறுநாள் வாட்ஸ்அப்ல வந்துருச்சு, படம் இருக்குற சிடி டிஸ்க்க கேட்டு வாங்கிக்கங்க, கேக்காட்டி தர மாட்டாக. ஸ்கேன் எடுத்த அன்னைக்கு பூரா சின்னப் புள்ளைகளையும் மாசமா இருக்கவுகளையும் ஸ்கேன் எடுத்தவுக பக்கத்துல விடாதீக. பார்க்கிங் சுத்தமா இல்ல.