பிளேஸ்டேஷன் 2: பென் டிரைவா, கேபிளா, ஹார்ட் டிஸ்கா?

என்னிடம் இரண்டு பிளேஸ்டேஷன் 2 இருக்கின்றன. ஒன்று பழைய குண்டு மாடல், மற்றொன்று பின்னால் வந்த ஒல்லி மாடல். இரண்டிலும் டிஸ்க் படிக்கும் லென்ஸ் ஓய்ந்துவிட்டது. குண்டு மாடல் டிஸ்கை உள்ளே வாங்கிக்கொள்ளும், டிக் டிக் என்று பத்துப் பதினைந்து முறை துழாவும், பிறகு ஒன்றும் இல்லை என்று கைவிரித்துவிடும். 2000-இல் சந்தைக்கு வந்த இயந்திரக் குடும்பத்திடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. வேடிக்கை என்னவென்றால், கண்சோல் படிக்க மறுத்த அதே டிஸ்க்குகளைக் கணினியின் சாதாரண டிவிடி டிரைவ் முணுமுணுக்காமல் படித்து ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது முழு டிஸ்கின் நகலாக, மாற்றித் தந்தது. அந்தக் கோப்புகளை டிஸ்க் இல்லாமலே கண்சோலில் ஓட்ட பென் டிரைவ், கேபிள், ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றில் எது நல்ல வழி என்பதுதான் கேள்வி. என் அலமாரியில் இருக்கும் டிஸ்க்குகளைத்தான் சொல்கிறேன்; அடுத்தவர் ஏற்றி வைத்ததை இறக்குவது வேறு கதை, சட்டமும் வேறு.

வெளியார் மென்பொருளைக் கண்சோலில் ஓட்ட முதலில் ஒரு வாசல் வேண்டும்; அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008 முதல் புழங்கும் ஃப்ரீ மெம்கார்டு பூட், மெமரி கார்டில் ஏற்றிவைக்கும் மென்பொருள். கார்டைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் வழக்கமான திரைக்குப் பதில் அதன் மெனு வந்து நிற்கும். எஸ்சிபிஎச் 90000 என்ற மாடல் எண் வரிசையின் கடைசி இயந்திரங்களில் மட்டும் சோனி இந்த ஓட்டையை அடைத்துவிட்டது; அவற்றுக்கு ஓபன்டூனா என்ற மாற்று வாசல் இருக்கிறது. 2020-இல் வந்த ஃப்ரீ டிவிடி பூட், கணினியில் எழுதிய டிஸ்க் ஒன்றைப் போட்டாலே வேலை செய்யும் என்கிறார்கள். லென்ஸ் செத்தவனுக்கு அதனால் என்ன பயன்?

உள்ளே போனபின் எல்லோரும் வந்து சேரும் இடம் ஓபன் பிஎஸ்2 லோடர், சுருக்கமாக ஓபிஎல். இதன் சூட்சுமம் எளிது. கேம், டிவிடி டிரைவிடம் கேட்பதாக நினைத்துக்கொண்டேதான் தரவைக் கேட்கும். ஓபிஎல் நடுவில் நின்று அந்தக் கேள்வியை வாங்கி, வேறு இடத்திலிருந்து பதிலைக் கொண்டுவந்து கொடுக்கும். அந்த இயந்திரத்தின் டிரைவ் டிவிடியை நொடிக்கு ஏறத்தாழ 5.3 மெகாபைட் வரை படிக்கும். கேம் செய்தவர்கள் இந்த வேகத்தைக் கணக்கில் வைத்துத்தான் செய்தார்கள். ஆகவே எந்த வழி நல்லது என்பதற்கு நான் பார்க்கும் முதல் அளவுகோல் கொள்ளளவோ விலையோ அல்ல. பதில் அந்த வேகத்தில் வந்து சேருகிறதா என்பதுதான்.

அப்படிப் பார்த்தால் பென் டிரைவ் முதல் சுற்றிலேயே தோற்றுவிடும். பிளேஸ்டேஷன் 2-இல் இருப்பது யூஎஸ்பி 1.1. காகிதத்தில் நொடிக்கு 12 மெகாபிட், அதாவது ஒன்றரை மெகாபைட். நடைமுறையில் ஒரு மெகாபைட் கிடைத்தால் மகிழ்ச்சி. எவ்வளவு விலையுயர்ந்த பென் டிரைவை வாங்கிச் செருகினாலும் இதுதான். குடம் பெரிதாக இருந்து என்ன செய்ய, குழாய் அதே குழாய். காட் ஆஃப் வார் 2-ஐ இப்படி ஏற்றிப் பார்த்தேன். வீடியோக் காட்சியில் குரல் ஒரு சொல் வரும், நிற்கும், படம் உறையும், அடுத்த சொல் வரும். விக்கல் எடுத்தவரிடம் கதை கேட்டதுபோல இருந்தது. வீடியோக்களைத் தாண்டிவிட ஓபிஎல்லில் 4-ஆம் மோடு இருக்கிறது. கதை வேண்டாம் என்பவர்கள் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

வேறு தொல்லைகளும் உண்டு. பென் டிரைவை ஃபார்மட் செய்யும் பழைய முறையான ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக வைக்க முடியாது. இரட்டை அடுக்கு டிவிடிகளை வெட்டித்தான் போட வேண்டும். புதிய ஓபிஎல் பதிப்புகள் அதற்குப் பின் வந்த எக்ஸ்ஃபேட் முறையைப் படிப்பதால் இந்த வெட்டும் வேலை மிச்சம். ஆனால் அழித்து அழித்து எழுதிய பென் டிரைவில் கோப்பு சிதறிக் கிடந்தால் கேம் ஏற மறுக்கலாம். ஃபார்மட் செய்துவிட்டு ஒவ்வொன்றாக நகலெடுப்பதே நல்லது. முறை வைத்து ஆடும் ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் கேம்), சிறிய சண்டை கேம் இவற்றுக்குப் பென் டிரைவ் போதும். உங்கள் இயந்திரத்தில் ஓபிஎல் ஓடுகிறதா என்று சோதிக்கவும் அதுதான் மலிவு. அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

இரண்டாவது மெமரி கார்டு துளையில் செருகும் எம்எக்ஸ்4எஸ்ஐஓ என்ற சிறு அட்டையும் உண்டு. அதற்குள் மைக்ரோ எஸ்டி போட்டால் கேம் அங்கிருந்து ஏறும். கம்பி இல்லை, பார்க்க அழகு. வேகம் யூஎஸ்பியைவிடச் சற்று மேல், டிவிடிக்குக் கீழ். அழகுக்காக ஒரு மதிப்பெண் தரலாம்.

ஒல்லி மாடல் வைத்திருப்பவர்களுக்கு உண்மையான வழி நெட்வொர்க் கேபிள்தான். 2004-இல் வந்த 70000 வரிசை முதல் ஈதர்நெட் துளை உடம்பிலேயே இருக்கிறது, 100 மெகாபிட். கேம்களைக் கணினியில் ஒரு பகிர்வுக் கோப்புறையில் வைத்து, எஸ்எம்பி என்ற விண்டோஸ் கோப்புப் பகிர்வு நெறிமுறை வழியாக ஓபிஎல் இழுத்துக்கொள்ளும். ஓடத் தொடங்கிவிட்டால் வீடியோக்கள் பெரும்பாலும் தடங்கல் இல்லாமல் போகும். ஓடத் தொடங்குவதற்குள்தான் உயிர் போகும். கண்சோலுக்கு 192.168.0.10, கணினிக்கு 192.168.0.2 என்று முகவரிகளைக் கேம் பேடிலேயே ஒவ்வோர் எண்ணாகத் தட்டினேன். எல்லாம் சரி, ஆனாலும் பட்டியல் காலி. காரணம் பிறகுதான் புரிந்தது: ஓபிஎல்லுக்குத் தெரிந்தது எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டுமே. 2017 மே மாதம் உலகையே உலுக்கிய வானாக்ரை புழு நுழைந்தது அந்தப் பழைய நெறிமுறையின் ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் பிற்பகுதி முதல் விண்டோஸ் 10 அதைத் தானாக நிறுவுவதில்லை.

அன்றாடம் பயன்படுத்தும் கணினியில் ஒரு கேமுக்காக அந்தக் கதவை மறுபடி திறந்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சும்மா கிடந்த ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றில், எஸ்எம்பி பேசும் சாம்பா மென்பொருளைப் போட்டு, வீட்டு ரூட்டரோடு சேர்க்காமல் நேராகக் கண்சோலோடு ஒரே கேபிளில் கட்டிவிட்டேன். இப்போது யூடிபிபிடி என்ற வேறொரு முறையும் வந்திருக்கிறது. கோப்புப் பகிர்வு என்ற சடங்கே இல்லாமல் டிஸ்கைத் துண்டு துண்டாக அனுப்பும், எஸ்எம்பியைவிட வேகம். புதிதாகத் தொடங்குகிறவர் நேரே இதற்குப் போய்விடலாம்.

குண்டு மாடலுக்கோ போட்டியே இல்லை. 30000 முதல் 50000 வரையான வரிசைகளின் முதுகில் ஹார்ட் டிஸ்க்குக்கென்றே ஒரு பொந்து இருக்கிறது. ஃபைனல் ஃபேன்டஸி 11-க்காக சோனியே 40 ஜிபி டிஸ்க் விற்ற இடம் அது. நெட்வொர்க் அடாப்டரை மாட்டி, உள்ளே டிஸ்கைப் பொருத்திவிட்டால் 2 டிபி வரை ஏற்கும். ஃப்ரீ எச்டி பூட்டை அதிலேயே எழுதிவிட்டால் மெமரி கார்டு வாசலும் வேண்டாம். தரவு டிவிடியைவிட வேகமாக வருகிறது. அதுவே சில கேம்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது தனி வேடிக்கை. அவற்றுக்கு 1-ஆம் மோடைப் போட்டு வேகத்தைப் பழைய டிரைவ் அளவுக்கு இறக்க வேண்டும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. இந்த டிஸ்கின் அமைப்பு சோனிக்கே உரியது, விண்டோஸுக்குப் புரியாது. கேம் சேர்க்கக் கணினியில் மாட்டியதும், புதிய டிஸ்க் போலிருக்கிறதே, தயார் செய்யட்டுமா என்று பணிவாகக் கேட்கும். நான் ஒருமுறை சுட்டியை 'சரி' மேல் கொண்டுபோய்விட்டேன். அழுத்தியிருந்தால் ஒரு மாதமாக ஏற்றிய கேம்கள் அத்தனையும் காணாமல் போயிருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எச்டிஎல் டம்ப் போன்ற கருவி வழியாக மட்டும் எழுதுங்கள்.

ஓபிஎல்லுக்கு மாற்றாக நியூட்ரினோ என்ற லோடரைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். இலகுவானது, ஆனால் எஞ்சின் மட்டும்தான், முகம் கிடையாது. கேம் பட்டியலைக் காட்ட இன்னொரு மென்பொருளை முன்னால் வைக்க வேண்டும். பிள்ளைகளும் கையில் எடுக்கும் வீட்டுக் கண்சோலில் எனக்கு ஓபிஎல்லின் அட்டைப் படங்கள் வரிசையாக நிற்பதே வசதி.

குண்டு மாடலுக்கு அடாப்டர் வாங்கும்போது பின்பக்கத்தைப் பாருங்கள். சாட்டா என்ற புதிய இணைப்பு கொண்ட டிஸ்க்கை ஏற்கும் மலிவான நகல்கள் பலவற்றில் நெட்வொர்க் துளையே இருக்காது. பழைய சோனி அடாப்டரில் துளை இருக்கும், ஆனால் உள்ளே ஐடிஇ என்ற பழைய இணைப்பு. அதைச் சாட்டாவாக மாற்றும் சிறு பலகை தனியாகக் கிடைக்கிறது. நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன். கேம்களைக் கேபிள் வழியாகவே டிஸ்க்குக்கு அனுப்பிவிடுகிறேன். அதன்பின் அந்த டிஸ்கைக் கழற்றி விண்டோஸ் பக்கம் கொண்டுபோனதே இல்லை.